மெத்தைக்காரரின் நீலக் கோட்டு

கடைக்கு வருகிற ஆளை வாசலிலேயே நிறுத்தி, "இதைத் துவைக்கவே வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று திருப்பி அனுப்புகிற சலவைக்கடை உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அது எங்கள் கடை. அப்படிச் சொல்கிற மகராசி என் கூடப் பிறந்த தங்கச்சி. கல்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்டு வயிறெரிகிற பாவி நான்.

யாராவது ஒரு கம்பளிச் சட்டையை நீட்டினால் போதும், அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அக்குள் பக்கம் மோந்து, கழுத்துப் பட்டையைத் திருப்பி, ஒரு பெரிய வழக்கை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாள். அப்புறம் தீர்ப்பு. "அழுக்கில்லை. வெயில் படாத இடத்தில காத்தாட மாட்டுங்க, போதும்." வந்தவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் மேலே ஃபேனைப் பார்ப்பேன். இந்த லட்சணத்தில் தெருவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயரே விழுந்துவிட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், நீ சலவைக்கடை நடத்துகிறாயா, துணிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துகிறாயா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில்கூட நோயில்லாதவர்களை வீட்டுக்குத்தானே அனுப்புவார்கள் என்றாள். அன்றோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

மற்றபடி அவள் ஒன்றும் அரிச்சந்திரன் வாரிசு கிடையாது. சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பாள். எனக்கு வருகிற போனை எடுத்து, நான் பக்கத்திலேயே நிற்க, அக்கா வெளியே போயிருக்கிறாள் என்று கூசாமல் சொல்வாள். ஆனால் துணி விஷயம் என்று வந்துவிட்டால் நாக்கு வளையாது. பிறவி அப்படி. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ஒருத்தர், நல்ல மனுஷர், கொஞ்ச நாள் இவளையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். ரெண்டு துவைப்பில் சாயம் போய்விடும், தோள் இறங்கிக் கிடக்கிறது, கடைக்காரன் உங்கள் காதில் பூ சுற்றிவிட்டான் என்று இவள் புட்டுப் புட்டு வைத்தாள். அதற்கப்புறம் அந்த மனுஷர் எங்கள் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. ஏண்டி இப்படி என்றால், அவர்தானே கேட்டார் என்கிறாள். என்னத்தைச் சொல்ல.

இப்படியே முப்பத்தாறு வயது ஆகிவிட்டது அவளுக்கு. எங்கள் கடை நீளமான ஒரே அறை. முன்னால் கல்லா, பின்னால் கட்டில் அளவுக்கு ஒரு இஸ்திரி மேஜை, அதன் மேல் பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு. மேலேயிருந்து நீராவிக் குழாய் தொங்கும். இரண்டு பக்கமும் கம்பிகளில் உடுப்புகள் வரிசையாகத் தொங்கும். காலையில் அந்த மேஜைக்குப் பின்னால் போய் நின்றாளென்றால் சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் வெளியே வருவாள். எனக்காவது வீட்டில் ஒரு புருஷன் இருக்கிறார். வேன் ஓட்டிக்கொண்டுபோய் துணிகளை வீடு வீடாகக் கொடுப்பவர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இருந்தாலும் மனுஷர் என்று ஒருத்தர். இவளுக்கு நீராவிதான் துணை.

அப்படி இருக்கும்போதுதான் மெத்தைக்காரர் வந்தார்.

நாலு தெரு தள்ளி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், ஒரு பெரிய மெத்தைக் கடை இருக்கிறது. அங்கே இவருக்கு வேலை என்ன தெரியுமா? படுப்பது. சத்தியமாக. கோட்டு சூட்டு போட்டு, டை கட்டி, தலையை வழித்து வாரி, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மெத்தைமேல் நீட்டி நிமிர்ந்து படுத்துக் காட்டுவார். இடுப்பு எப்படித் தாங்குகிறது பாருங்கள், கழுத்து எப்படி நேராக நிற்கிறது பாருங்கள் என்று படுத்தபடியே விளக்குவார். வாங்க வந்தவர்கள் கூச்சம் விட்டுப் பக்கத்து மெத்தையில் படுப்பார்கள். கோட்டு கட்டாயம் என்பது முதலாளி உத்தரவு. சட்டையோடு படுத்தால் தூங்குகிற மாதிரி இருக்குமாம், கோட்டோடு படுத்தால்தான் வேலை செய்கிற மாதிரி இருக்குமாம். நாற்பதைத் தொடுகிற வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மா போன பிறகு தனிக்கட்டை. நல்ல உயரம். எப்போது பார்த்தாலும் இப்போதுதான் எழுந்து வந்த மாதிரி ஒரு முகம். அது நிஜமும்கூட.

முதல் தடவை அவர் அந்த நீலக் கோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது, என் தங்கச்சி அதன் முதுகுப் பக்கத்தை விரித்துப் பார்த்தாள். கசக்கிப் போட்ட காகிதம்தான். இந்தக் கோட்டோடவே தூங்குவீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், கௌரவமாக நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"வேலையே அதுதான் மேடம்."

நான் கல்லாவுக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். யாருக்கும் சிரிப்பு வருகிற இடத்தில் ஒருத்தி சிரிக்காமல் இருக்கிறாள் என்றால் அவளுக்குள் வேறு என்னவோ நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வாரமும் அதே கோட்டோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை கோட்டில் அழுக்கென்று சொல்ல ஒரு தூசியும் இல்லை. மனுஷர் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சரிதான், நல்ல காரியம் கூடி வருகிறது, நாம் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று நினைத்தேன். அவள் மூடவில்லையே. கோட்டைக் கையில் எடுத்தாள், வெளுத்து வாங்க ஆரம்பித்தாள்.

வாரா வாரம் கெமிக்கலில் போட்டால் கம்பளி என்னத்துக்கு ஆகும் என்றாள். முழங்கையில் இந்தப் பளபளப்பைப் பாருங்கள், துணியோட உயிர் போகிறது என்றாள். நீங்களே உங்கள் கோட்டைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள், அதற்கு எங்கள் கடையைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள் என்றாள். நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறேன், செருமுகிறேன், பேனாவைக் கீழே போடுகிறேன். ஊஹூம். மெத்தைக்காரர் மட்டும் திட்டு வாங்க வாங்க முகம் மலர்ந்துகொண்டே போனார். திட்டு வாங்கி இப்படி மலர்ந்த ஆம்பிளையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அதிலிருந்து பாடம் ஆரம்பித்தது. கோட்டைக் கழற்றினதும் முதலில் பையில் இருக்கிற சாவி, போன், சில்லறை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பை தொங்கிப்போகும். கம்பி ஹேங்கர் ஆகவே ஆகாது, தோள் அகலத்துக்கு மர ஹேங்கர் வேண்டும். மாட்டிவிட்டு மேலேயிருந்து கீழே மெல்ல பிரஷ் போட வேண்டும். உடனே அலமாரிக்குள் திணிக்கக் கூடாது, வேர்வை காய்கிற வரைக்கும் வெளியே தொங்கட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடினால் மூச்சு முட்டும். சுருக்கம் இருந்தால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் தானாக விழுந்துவிடும். முக்கியமாக, ஒருநாள் போட்டால் மறுநாள் அதற்கு ஓய்வு. வேறு கோட்டு இல்லையா என்று அதட்டினாள். சாம்பல் நிறத்தில் இன்னொன்று இருக்கிறது, ஆனால் அதில் நான் பார்க்க நன்றாக இருக்க மாட்டேன் என்று முனகினார். மெத்தையில் படுத்திருக்கிறவரை யார் சார் பார்க்கப்போகிறார்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள் என்றாள். போட்டார். அவள் குதி என்றால் குதித்திருப்பார்.

பாடம் ஒன்று, சந்தேகம் ஒன்பது. வாரம் தவறாமல் ஏதாவது ஒரு சந்தேகத்தோடு வந்து நிற்பார். பேண்ட்டை மடித்துத் தொங்கவிடுவதா, தலைகீழாகத் தொங்கவிடுவதா? கழுத்துப் பட்டைக்கு எந்தப் பக்கமாக பிரஷ் போடுவது? போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேட்பார். அவளும் முதல் தடவை சொல்வதுபோல் மறுபடி சொல்வாள். எனக்கு ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாத ஜென்மம் அது. அவர் வருகிற நாளில் மட்டும் கடைக்கு வந்ததும் முகம் கழுவுவாள், தலையை இன்னொரு தரம் வாருவாள். கேட்டால் நீராவியில் முடி பறக்கிறது என்பாள். அந்த நீராவி மற்ற நாளில் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அப்படி ஒருநாள், முதுகுச் சுருக்கம் மட்டும் எப்படியும் வந்துவிடுகிறதே என்று அவர் வருத்தப்பட்டார். இவள் யோசித்தாள். நீங்கள் எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டாள். அவர் கையால் காட்டினார். அது புரியவில்லை, படுத்துக் காட்டுங்கள் என்றாள். எங்கே? மேஜைமேல்.

ஐயோ, அந்தக் காட்சி. மனுஷர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் இஸ்திரி மேஜைமேல் ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். இவள் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறாள். முதலில் பொத்தானைக் கழற்றுங்கள், உட்காரும்போதே கோட்டின் பின்வாலை இரண்டு பக்கமும் விலக்குங்கள், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து உருண்டு மல்லாந்து படுங்கள், எழுந்திருக்கும்போதும் அதே வழியில் திரும்பி எழுந்திருங்கள் என்கிறாள். அவர் உருள்கிறார், எழுகிறார், மறுபடி படுக்கிறார். அந்த நேரம் பார்த்து, திரைச்சீலை வாங்கிப்போக எதிர்வீட்டு டீச்சரம்மா உள்ளே வந்தார். மேஜைமேல் கோட்டு சூட்டோடு ஒரு ஆள் மல்லாந்து கிடக்கிறார், பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியோடு என் தங்கச்சி நிற்கிறாள். டீச்சரம்மா ரெண்டு அடி பின்னால் வைத்தார். ஆளோடேயே இஸ்திரி போடுகிறோம், சீக்கிரம் முடியும் என்று நான் சொன்னேன். வேறென்ன சொல்வது? படுத்திருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து இவள் சிரித்தாள். என் தங்கச்சி அப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இத்தோடு ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அதற்கப்புறம்தான் அந்த அசடு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மெத்தைக்காரர் நீலக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். இவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முதுகைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், லைனிங்கைத் திருப்பிப் பார்த்தாள், பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நூல் இல்லை. கம்பளி அப்படியே பழைய உயிரோடு எழுந்து நிற்கிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பிரமாதம் சார். இனிமே ஆறு மாசத்துக்கு இந்தக் கோட்டு எங்க கடைப் பக்கமே வரக் கூடாது."

அவள் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா? முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஆறு மாசமா என்று கேட்டார். ஆறு மாசம் என்று இவள் சந்தோஷமாக அடித்துச் சொன்னாள். சரிங்க மேடம் என்று கோட்டை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்னக்கா தலைவலியா என்று கேட்கிறாள் இவள்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. மெத்தைக் கடையில் கூட்டமாக இருக்கும் என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ என்றாள். அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். வாசல் மணி அடித்தால் தலை தூக்குவாள், வேறு யாரையோ பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். தீர்ப்புகள் கடுமையாகிக்கொண்டே போயின. ஒருநாள் வந்தவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு தாத்தாவிடம், மஃப்ளரைத் துவைக்க வேண்டாம், நீங்கள் மூக்குப்பொடி போடுவதை நிறுத்தினால் போதும் என்றாள். சாப்பாட்டு டப்பா திறந்தது திறந்தபடியே இருக்கும். கேட்டால் சாப்பிட்டேன் என்பாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கடையைப் பாதி சாத்திவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். அடியே, அந்த மனுஷர் கோட்டுக்காகவா வந்தார், உனக்காக வந்தார், வரக் கூடாது என்று நீதானே துரத்திவிட்டாய் என்று கேட்டேன். நான் எங்கே அவரை வரக் கூடாதென்றேன், கோட்டைத்தானே சொன்னேன் என்றாள். அவர் கோட்டில்லாமல் எதற்குடி சலவைக்கடைக்கு வருவார் என்றேன். பேயறைந்த மாதிரி நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தொங்குகிற உடுப்புகளுக்கு நடுவில் போய் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்குக்கா. இதுவரைக்கும் யாரையும் இப்படிப் பிடிச்சதில்லை."

அப்போ போய்ச் சொல்லு என்றேன். செத்தாலும் மாட்டேன், அதைப் போய் எப்படிச் சொல்வது என்றாள். சரி, கோட்டை ஒருதரம் கொண்டுவரச் சொல்லு, மற்றது தானாக நடக்கும் என்றேன். கொண்டுவரச் சொல்லத் துணியில் அழுக்கு வேண்டாமா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லேன், ஒரே ஒரு பொய் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தாள். துணி விஷயத்தில் தன்னால் முடியாது என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு அறை விட்டிருப்பேன். ஆனால் அந்த அழுத முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர், அந்தக் கல்லுளிமங்கன், ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது தன் நாலு வார்த்தையில் ஒன்றைச் செலவழித்தார். மெத்தைக் கடைக்குத் திரைச்சீலை கொடுக்கப் போயிருந்தாராம். அவர்கள் வேறு ஊரில் புதுக்கடை திறக்கிறார்களாம். நம்ம மெத்தைக்காரரை அங்கே மேனேஜராகப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். இன்றைக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அவரும் போகலாம் என்றுதான் இருக்கிறாராம். சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டார். இதை எப்போது கேட்டீர்கள் என்றேன். காலையில் என்றார். காலையில் கேட்டதை மத்தியானம் சொல்கிற மனுஷரோடு நான் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறேனோ.

தங்கச்சி கையில் இருந்த டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. முகத்தில் ஈயாடவில்லை. அவளே எழுந்து போய் முகம் கழுவினாள். தலை வாரினாள். வந்து நின்று, வேன் சாவி எங்கே என்று கேட்டாள்.

கடையைச் சாத்தினோம். சாப்பாட்டில் இருந்த மனுஷரைக் கையலம்பவைத்து வேனில் ஏற்றினேன். முன்சீட்டில் மூன்று பேர், பின்னால் கொடுக்க வேண்டிய உடுப்பெல்லாம் கம்பியில் ஊசலாடுகின்றன. அவர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுகிறார். மிதிங்க, மிதிங்க என்று நான் கத்துகிறேன். துணி கசங்கிவிடும், மெதுவாகப் போங்க அத்தான் என்கிறாள் இவள். அந்த நேரத்திலும் பாருங்கள் அவளுக்குத் துணிதான்.

மெத்தைக் கடைக்குள் நான் அதுவரை போனதில்லை. கண்ணாடிச் சுவருக்குள் வரிசை வரிசையாகக் கட்டில். நட்டநடுவில் ஒன்றில் நம்ம ஆள், நீலக் கோட்டோடு, நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் பகீர் என்றது. பக்கத்தில் ஒரு வயசான புருஷன் பெண்சாதி நின்று, முட்டிவலிக்கு ஆகுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் காலடிச் சத்தத்தில் அவர் கண் திறந்தார். இவளைப் பார்த்தார். எழுந்த விதம் இருக்கிறதே, பக்கவாட்டில் திரும்பி, பின்வாலை விலக்கி, அவள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிசகு இல்லாமல் எழுந்தார். தொழில் பழக்கம், வாய் தானாகப் பேசிவிட்டது. வாங்க, எந்த மாதிரி மெத்தை பார்க்கறீங்க என்று கேட்டார்.

இவளுக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாதாரண மெத்தைதான் என்றாள். படுத்துப் பாருங்க என்றார். படுத்தாள். வாங்க வந்தவர் படுத்தால் பக்கத்து மெத்தையில் தானும் படுத்து விளக்க வேண்டும் என்பது அந்தக் கடைச் சட்டமோ என்னவோ, அவரும் படுத்துவிட்டார். ரெண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நீட்டி நிமிர்ந்து கிடக்கின்றன. உள்ளே ஸ்பிரிங் என்கிறார் அவர். ஓ, ஸ்பிரிங்கா என்கிறாள் இவள். மேலே பஞ்சு என்கிறார். பஞ்சு நல்லதுதான் என்கிறாள். முட்டிவலிக்காரர் என்னிடம், நாங்களும் படுக்கலாமா என்று ரகசியமாகக் கேட்டார். தாராளமாகப் படுங்கள் என்றேன். எனக்கு உள்ளே சிரிப்பு ஒரு பக்கம் பீறிட்டுக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கண்ணாடி அறைக்குள் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். இவர் எழுந்து போய் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை.

கடைசியில் அவரே கூரையைப் பார்த்தபடி பேசினார். நீங்க சொன்னபடிதான் எல்லாம் செய்யறேன் மேடம், ஆறு மாசம் ஆகாம உங்க கடைப் பக்கம் வரக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதனாலதான் வரலை என்றார். அடப் பாவி மனுஷா. சொன்ன பேச்சைக் கேட்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா.

இவள் விருட்டென்று எழுந்து நின்றாள். எழுந்திருங்க சார் என்றாள். எழுந்து நின்றார். திரும்புங்க என்றாள். முதுகைக் காட்டினார். தோளிலிருந்து கீழ்வரைக்கும் அவள் ஒரு கை தடவிப் பார்த்தாள். முழங்கையைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நானும்தான் இத்தனை வருஷமாகக் கோட்டு பார்க்கிறேன். அவ்வளவு சுத்தமான, அவ்வளவு அழகாக வைத்திருந்த கோட்டை நான் கண்டதில்லை. நேற்றுத் தைத்த மாதிரி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தக் கோட்டு ரொம்ப அழுக்கா இருக்கு சார்."

அவருக்குப் புரியவில்லை. அழுக்கா, எங்கே, தினமும் பிரஷ் போடறேனே, வெந்நீர் ஆவி காட்டறேனே, நேத்து முழுக்க ஓய்வு கொடுத்தேனே என்று குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. நான் நடுவில் புகுந்து அவரைப் பிடித்து உலுக்கலாமா என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சரியான நேரத்தில் செய்த காரியம் அது ஒன்றுதான்.

"ரொம்ப ரொம்ப அழுக்கு," என்றாள் மறுபடி. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "உடனே கொடுக்கணும். எப்பத் திரும்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. நீங்க தினமும் வந்து கேட்டுட்டுப் போகணும்."

அவர் பேச்சை நிறுத்தினார். தன் கோட்டை ஒருதரம் குனிந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். மெல்ல மெல்ல அந்தத் தூங்குமூஞ்சி விழித்துக்கொண்டு வந்தது. இந்த வாயா பொய் சொல்லிற்று, அதுவும் கோட்டைப் பற்றி, அதுவும் எனக்காக என்று அவர் ஒவ்வொரு படியாக ஏறி வருவதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். முட்டிவலிக்காரர்கூடப் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தினமும் வரணும்னா," என்றார், "நான் இந்த ஊரை விட்டுப் போக முடியாதே."

"போகாதீங்க," என்றாள்.

அவர் பொத்தான்களைக் கழற்றினார். பையிலிருந்து சாவியையும் போனையும் எடுத்தார். கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, வெறும் சட்டையோடு, முதலாளியின் கண்ணாடி அறையைப் பார்த்து நடந்தார். ஷூ போட மறந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று சொல்வது தெரிந்தது. முதலாளி கையை விரித்து என்னவோ கேட்கிறார், இவர் எங்கள் பக்கம் கையைக் காட்டுகிறார்.

என் தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நீலக் கோட்டை ரெண்டு கையாலும் சுருட்டி நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டை மடங்கி, தோள் நசுங்கி, லைனிங் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அடியே, கோட்டு கசங்குதுடி," என்றேன்.

"கசங்கட்டும்க்கா," என்றாள்.